உங்களுக்குத் தெரியுமா? பல் வேருக்கும் சிமென்ட்!
வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமென்ட்தான் பல் வேரை அடைக்கும் ‘எம்.டி.ஏ.’வுக்கும் அடிப்படை! 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் குழுவினர் உருவாக்கிய இதில், சுத்திகரித்த அந்தச் சிமென்ட் முக்கால் பங்கு. எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு 20 சதவீதம், மீதி ஜிப்சம்.

பல அடைப்புப் பொருள்களுக்கு ஈரம் பகை. இதுவோ ஈரம் இருந்தால்தான் இறுகும். ரத்தம் கசியும் வேர் நுனிக்கு இது எவ்வளவு பெரிய வரம்! ஆனால், இறுக ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம் பிடிக்கும், பல்லும் கருக்கலாம்.

பின்னர் வந்த ‘பயோடென்டின்’ சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடும். பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு இருப்பதால் நிறமாற்றமும் குறைவு. சிரித்தால் தெரியும் முன்பற்களுக்கு இதுவே மேல். எக்ஸ்ரேயில் மட்டும் எம்.டி.ஏ. அளவுக்குப் பளிச்செனத் தெரியாது.