கூடத்தில் என்ன விரிப்பது?

கம்பளம் வாங்கக் கடைக்குப் போகுமுன் முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் என் மாமியார். கற்றுக் கொடுத்தார் என்று கௌரவமாகச் சொல்கிறேன். உண்மையில் அவர் தடுக்கி விழுந்தார்.

கும்பகோணத்தில் எங்களுடையது பழைய காலத்து வீடு. திண்ணை, ரேழி, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், அப்புறம் ஊஞ்சல் தொங்கும் கூடம். தரை, சிவப்புக் காவி கலந்து தேய்த்த சிமெண்டு. தலைமுறை தலைமுறையாகக் கால்கள் நடந்து நடந்து முகம் பார்க்கலாம் போல் ஆகிவிட்டது. அந்தக் கூடத்தின் நடுவே ஒரு ரத்தினக் கம்பளம் கிடந்தது. 1958-ல் என் மாமனார் சென்னையில் ஏதோ ஏலத்தில் எடுத்து ரயிலில் கொண்டு வந்தாராம். மாமியார் மணப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்ததும் அதே வருஷம்தான். நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தது அதன் மேல். மாமனார் காலமானபோது ஊரார் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்ததும் அதன் மேல்தான். ஆகவே பீரோவுக்கு அடியில் இருந்த பாகத்தைப் பூச்சி தின்று தீர்த்த பிறகும், ஒரு மூலை அப்பளம் மாதிரிச் சுருண்டு நிமிர்ந்த பிறகும், அதை எடுத்து விடலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த மூலையில்தான் ஒருநாள் விடியற்காலை மாமியாரின் கால் கட்டை விரல் மாட்டிக்கொண்டது. எண்பத்து நான்கு வயது. மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக் கட்டு. "இடுப்பு தப்பியதே, அது பூர்வ ஜன்மப் புண்ணியம்" என்றார் டாக்டர்.

மாவுக் கட்டு காய்வதற்குள் குடும்ப மாநாடு கூடிவிட்டது. பெங்களூரிலிருக்கும் மைத்துனர், "மன்னி, காஷ்மீரக் கம்பளமாப் பெரிசா ஒண்ணு வாங்கிக் கூடம் முழுக்கப் போட்டுடலாம். ஓரமே இருக்காது, தடுக்கவும் தடுக்காது" என்றார். நாத்தனார், "அதெல்லாம் எதுக்கு? மெஷின்லே நெய்தது சல்லிசாக் கிடைக்கிறது. அழுக்கானாத் தூக்கி எறிஞ்சுட்டு வேறே வாங்கிக்கலாம்" என்றாள். என் கணவர், "அப்பா வாங்கினதையே ரிப்பேர் பண்ணிப் போடலாமே" என்று மெல்ல முனகினார். யாருடைய பேச்சும் எடுபடாமல், கடைசியில் இஞ்சு டேப்பும் பொறுப்பும் என் கையில் வந்து சேர்ந்தன.

அளக்க வேண்டியது எது?

நான் முதலில் அளந்தது கூடத்தின் நீள அகலத்தை. பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடி. ஆனால் அந்தக் கணக்கு பாதி வழிகூடப் போகவில்லை. மேல்நாட்டு வீடுகளில் தரை என்பது நாற்காலி மேஜை நிற்பதற்கான இடம்; செருப்போடு நடப்பதற்கான இடம். நம் வீட்டில் தரைதானே நாற்காலி, தரைதானே மேஜை, மத்தியானத்தில் தரைதானே கட்டில்! ஒரு வாரம் எங்கள் கூடத்தில் என்னென்ன நடக்கிறதென்று சும்மா கவனித்துப் பார்த்தேன்.

காலையில் ஈரத் துணி போட்டுத் துடைக்கிறோம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு, சாம்பிராணி. பண்டிகையன்று இழைக் கோலம். நாலு பேர் கூடினால் வரிசையாக இலை போடுகிறோம்; ரசம் ஓடாத இலை உண்டா? முற்றத்தில் மழை பெய்தால் சாரல் நாலடிக்கு உள்ளே வருகிறது. ஊஞ்சலில் உட்காருகிறவர்கள் காலால் உந்துகிறார்கள். எந்தக் கம்பளம் போட்டாலும் ஊஞ்சலடியில் வழுக்கை விழுந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாமியார் தம் அறையிலிருந்து கொல்லைப் பக்கம் போகும் வழி கூடத்தின் குறுக்கே போகிறது. இரவில் இரண்டு தடவை, சின்ன விளக்கு வெளிச்சத்தில், வெறுங்காலோடு.

இந்த ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது மைத்துனரின் யோசனை முதலில் அடிபட்டது. கூடம் முழுக்கக் கம்பளம் போட்டால் துடைப்பது எப்படி? சிமெண்டுத் தரையின் ஈரம் மேலே வர வழியில்லாமல் அடியில் பூசணம் பூக்கும். கம்பளப் பூச்சி என்பது உண்மையில் ஒரு சிறிய அந்துப் பூச்சியின் புழு. ஆட்டு ரோமம் அதற்கு அறுசுவை உண்டி. நடமாட்டமும் வெளிச்சமும் இல்லாத இடமாகப் பார்த்துக் குடியேறும். எங்கள் பீரோவுக்கு அடியில் நடந்தது அதுதான். அசைத்து, புரட்டி, வெயில் காட்டுகிற கம்பளத்தை அது அவ்வளவாக அண்டாது. கூடம் முழுவதும் போட்ட கம்பளத்தை யார் புரட்டுவது?

நாத்தனாரின் யோசனைக்கும் ஒரு குத்துவிளக்கு குறுக்கே நின்றது. மெஷினில் நெய்து சல்லிசாக விற்பவற்றில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன் என்ற செயற்கை இழை. ஈரம் தாங்கும், சாயம் போகாது, பூச்சி தின்னாது, எல்லாம் சரி. ஆனால் சூடு மட்டும் ஆகாது. சாம்பிராணித் தணல் ஒரு பொறி விழுந்தால் உருகி ஓட்டையாகிவிடும். கம்பளி அப்படியில்லை, எளிதில் பற்றாது, பற்றினாலும் பொசுங்கி அணைந்துவிடும்.

முதுகைத் திருப்பிப் பார்

அதற்காகக் கம்பளக் கடைக்குப் போகாமல் இருந்து விடவில்லை. சென்னைக்குப் போயிருந்தபோது மைத்துனரையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் ஏறி இறங்கினேன். மாடிக்கு ஒரு சின்னக் கம்பளம் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். வாங்குகிற எண்ணம் உள்ள சகோதரிகளுக்கு அங்கே நான் தெரிந்துகொண்டதைச் சொல்லி வைக்கிறேன்.

கடைக்காரர் முகப்பைத்தான் காட்டுவார். நாம் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கையால் முடிச்சுப் போட்ட கம்பளமானால் முன்பக்கத்துச் சித்திரம் பின்பக்கத்திலும் அப்படியே தெளிவாகத் தெரியும். முடிச்சுகளை ஒன்று இரண்டு என்று எண்ணலாம். குஞ்சம் தனியாக வைத்துத் தைத்ததாக இராது. பாவு நூலே நீண்டு வந்து குஞ்சமாக முடிந்திருக்கும். முதுகில் துணி ஒட்டியிருந்தால் அது துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்திப் பசை தடவியது. அதுவும் கைவேலை என்றே விற்கப்படும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் ஆயுள் பசையின் ஆயுள்தான்.

முடிச்சுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காஷ்மீரத்தில் ஒரு அங்குலத்துக்குப் பதினெட்டுக்குப் பதினெட்டு என்று ஒரு நெருக்கம் உண்டு. அதாவது ஒரு சதுர அங்குலத்தில் 324 முடிச்சு. ஒன்பதுக்கு ஆறடிக் கம்பளமானால் மொத்தம் இருபத்தைந்து லட்சத்துக்கு மேல். ஒருவர் நாளுக்கு எட்டாயிரம் முடிச்சுப் போட்டாலும் முந்நூறு நாளுக்கு மேல் ஆகும். சித்திரத்தைப் படமாகக்கூட அவர்கள் பார்ப்பதில்லை. 'தாலிம்' என்ற குறியீட்டில், எந்த வர்ணம் எத்தனை முடிச்சு என்று எழுதிய காகிதம் தறியில் தொங்கும். ஒருவர் அதை ராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்டு முடிச்சுப் போடுவார்கள். நமக்கு ஸ்வரம் மாதிரி!

இத்தனை உழைப்புள்ள பொருளைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாம் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். பட்டு என்று விற்பதில் பல ரேயான். மேல் இழையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டும் கம்பளியும் தலைமுடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். ரேயான் காகிதம் போல் எரியும். ரேயான் நனைந்தால் வலுவிழந்துவிடும். நம் ஊர்க் கூடத்துக்கு அது அறவே உதவாது. காஷ்மீரக் கைமுடிச்சுக் கம்பளத்துக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2022 முதல் செல்போனில் காட்டிப் பார்க்கக்கூடிய அடையாளச் சீட்டும் வந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் பதோஹி, மிர்ஸாபூர்ப் பக்கங்களில் கம்பளத் தறிகளில் குழந்தைகளை உட்கார வைத்து வேலை வாங்கிய கொடுமை நெடுநாள் நடந்தது. அதை எதிர்த்துப் போராடிய கைலாஷ் சத்யார்த்தி, குழந்தை உழைப்பில்லாத கம்பளங்களுக்கு ஒரு முத்திரை வர 1994-ல் வழி செய்தார். 'ரக்மார்க்' என்றிருந்த அதற்கு 2009 முதல் 'குட்வீவ்' என்று பெயர். 2014-ல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. நான் ஏறிய கடைகளில் ஒன்றில் இந்த முத்திரையைப் பற்றிக் கேட்டபோது, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே அம்மா" என்றார் கடைப்பையன். கேட்டால்தானே வைப்பார்கள்!

சுருட்டி வைக்கக் கூடியது

மைத்துனரின் மாடி அறைக்கு ஐந்துக்கு மூன்றடியில் கம்பளி ஒன்று வாங்கியாயிற்று. கூடத்து விஷயம் அப்படியே நின்றது. ஊருக்குத் திரும்பி வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்து, மாவுக் கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏண்டி, கூடத்துலே எப்பவும் ஏதாவது கிடந்துண்டே இருக்கணுமா என்ன? யாராவது வந்தா விரிக்கறது, போனாச் சுருட்டறது. எங்காத்துலே ஜமக்காளம் அப்படித்தானே இருந்தது? விரிப்புன்னா விரிக்கறதுக்குத்தானே?"

இரண்டு நாள் கடைகடையாக அலைந்து நான் தெரிந்து கொள்ளாததை ஊஞ்சலிலிருந்தே சொல்லிவிட்டார்!

பவானி ஜமக்காளத்தை நமக்கெல்லாம் கல்யாண மண்டபத்தில் தெரியும், வீட்டில் மறந்துவிட்டோம். காவேரியும் பவானி ஆறும் கூடுகிற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது அது. சீமைத் துணியின் போட்டி தாங்காமல் நெசவாளர்கள் தவித்த காலம். ஜங்கமர் என்ற வகுப்பார் மொத்தமான வர்ண நூலை எடுத்துப் பட்டை பட்டையாக நெய்து பிழைக்க வழி கண்டார்கள். செயற்கைப் பட்டு நூலில் கரையில் பூ வேலை செய்வது பிறகு வந்தது. அகலமான ஜமக்காளத்துக்கு ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வதும் உண்டு.

பருத்தியானதால் கம்பளப் பூச்சிக்கு அதில் சுவை இல்லை. துவைக்கலாம், வெயிலில் போடலாம், சித்திரை மாதத்தில் அதன் மேல் உட்கார்ந்தால் கம்பளி மாதிரி உடம்பு எரியாது. குறையும் உண்டு: வழவழப்பான தரையில் நகரும், அகலக் கோடியில் மடங்கினால் அதுவும் தடுக்கும். நடக்கிற வழியில் அதை விரித்து வைக்கவே கூடாது. முதல் சலவையில் சாயம் கொஞ்சம் விடும். தனியாகத்தான் நனைக்க வேண்டும்.

இங்கேயும் ஏமாற்று உண்டு. 1985-ம் வருஷச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட சரக்கு. பவானி ஜமக்காளத்துக்கு 2005-லேயே புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இருந்தும் விசைத்தறியில் நெய்த மெல்லிசுச் சரக்கு அந்தப் பெயரிலேயே விற்கிறது. நாம் அதை மலிவென்று வாங்க, தறியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வேறு வேலைக்குப் போகிறார். கையில் தூக்கிப் பார்த்தால் நிஜமானது கனக்கும். 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்கக் கடையிலோ கோ-ஆப்டெக்ஸிலோ கேளுங்கள்.

கருஞ்சிவப்பும் பச்சையுமாக, ஒன்பதுக்கு ஆறடியில் இரண்டு வாங்கினோம். ஒன்று பெரிதாக வாங்கியிருக்கலாமே என்று நாத்தனார் கேட்டாள். பெரிது என்றால் சுருட்ட இரண்டு ஆள் வேண்டும். துவைத்தால் பிழிய நாலு ஆள் வேண்டும். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி.

பழைய கம்பளத்தை எடுக்கிற அன்று என் கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்ல பாகத்தையாவது காப்பாற்றலாம் என்று நான்தான் அதைப் புரட்டினேன். புரட்டினவள் அப்படியே நின்றுவிட்டேன். பின்பக்கம் சணல். சித்திரம் கலங்கலாக எங்கோ தெரிகிறது. குஞ்சம் தனியாக வைத்துத் தைத்தது. அறுபது வருஷத்துக்கு மேலாக நாங்கள் கொண்டாடிய ரத்தினக் கம்பளம் மெஷின் கம்பளம்!

எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டு மாமியாரைப் பார்த்தேன். அவர் சிரித்துக் கொண்டிருந்தார்.

"தெரியும். வாங்கிண்டு வந்த மறு மாசமே யாரோ சொல்லிட்டா. 'ஏலத்துலே ஏமாந்துட்டேன், வெளியிலே மூச்சு விடாதே'ன்னார். நானும் விடலை. நீங்கள்ளாம் அப்பா ஞாபகம், அப்பா ஞாபகம்னு அதைக் கட்டிண்டு அழறச்சே நான் என்னன்னு சொல்றது?"

என் கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பூச்சி அரிக்காத மூலையாகப் பார்த்து இரண்டடிக்கு வெட்டி, ஓரம் அடித்து, ஊஞ்சல் பலகைமேல் போட்டிருக்கிறோம். மாமியார் எழுந்தால் பூனை அதில் படுத்துக்கொள்கிறது.