நாளைக்கு வெட்டு இல்லை

அதிகாலை நாலு மணி. வெள்ளறடைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவே ஒரு ஏக்கர் ரப்பர் தோட்டம், இருநூறுக்குக் கொஞ்சம் குறைவாக மரங்கள். தோட்டக்காரர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முதல் மரத்தின் முன் குனிகிறார். போன வெட்டில் வழிந்து கோட்டோடு உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை நுனியில் பிடித்து இழுக்க, அது நாடா போல நீளமாக உரிந்து வருகிறது. அதை இடுப்புக் கூடையில் போட்டுவிட்டுக் கத்தியை வைக்கிறார். இடது மேலிருந்து வலது கீழாக, பழைய கோட்டை ஒட்டி ஒரே சீராக ஓர் இழுப்பு. ஒன்றரை மில்லிமீட்டர் பருமனில் பட்டை சுருள் சுருளாக உதிர்கிறது. கோடு நெடுக வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, ஒன்று சேர்ந்து, சரிவில் ஓடி, சிரட்டைக்குள் சொட்டத் தொடங்குகின்றன. அதைப் பார்க்க அவர் நிற்கவில்லை. அடுத்த மரத்துக்குப் போயாயிற்று.

‘நாளைக்கும் வரலாமா?’ என்று கேட்டேன்.

‘நாளைக்கு வெட்டு இல்ல சாரே. மரத்துக்கு ஒறக்கம் வேணும்.’

பாறசாலை, குன்னத்துகால், வெள்ளறடை எனத் தமிழக எல்லையை ஒட்டிப் போகும் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் இந்த வாக்கியம் சாதாரணம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு கிழித்தவர்கள் ரப்பர் மரங்களைக் கேட்கவில்லை. அவை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பால் கொடுக்கின்றன. சுயக்கட்டுப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று உளவியல் ஆய்வுகளைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு, அவற்றைவிட இந்த மரம்தான் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. அதனால் மரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ரப்பர் பால் மரத்தின் சாறு அல்ல. பட்டையின் உள்பகுதியில், மயிரிழையிலும் மெல்லிய குழாய்களில் அது தனியே ஊறுகிறது. அந்தக் குழாய்கள் நேர் மேலாகப் போகாமல் லேசாக வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிகமான குழாய்கள் அறுபடும் என்பதால்தான் அந்தத் திசை. விடியும் முன் இலைகள் நீரை வெளியேற்றுவதில்லை. குழாய்களுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். பத்துப் பதினைந்து வளிமண்டல அழுத்தம் வரை அளந்திருக்கிறார்கள். கார் டயரில் இருப்பதைப்போல நாலைந்து மடங்கு. வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். நாலு மணிக்கு எழுவதற்குக் காரணம் இதுதான், வேறு புனிதம் எதுவும் இல்லை.

வெட்டிய சில மணி நேரத்தில் குழாய்களின் வாய் தானாக அடைபட்டுவிடும். இழந்த பாலை மரம் மறுபடி முழுதாக ஊறவைக்க 48 முதல் 72 மணி நேரம் ஆகிறது. ஆகவே ஒன்றுவிட்ட நாள் வெட்டு, அல்லது இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள். கோட்டயத்தில் இருக்கும் ரப்பர் வாரியம், கேரளத்தில் மிகுதியாக நடப்பட்ட ஆர்ஆர்ஐஐ 105 ரகத்துக்கு மூன்றாம் நாள் வெட்டையே சிபாரிசு செய்கிறது. ஆழத்துக்கும் கணக்கு உண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் வளர்திசுவில் கத்தி படக்கூடாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டுவைக்க வேண்டும். பட்டால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அந்த இடத்தில் மறுபடி கத்தி ஓடாது.

தினமும் வெட்டினால் என்ன ஆகும்? முதலில் பால் கூடுதலாகத்தான் வரும். விபரீதமே அங்கேதான். சில மாதங்களில் பால் நீர்த்துப்போகும். பிறகு கோட்டில் பாதி இடம் வறண்டிருக்கும். பிறகு முழுக் கோடும். வெட்டினால் காய்ந்த மரக்கட்டையைச் சீவுவது போலிருக்கும். இந்தப் பக்கத்தில் ‘பட்ட மரவிச்சுப் போச்சு’ என்கிறார்கள். கை கால் மரத்துப்போவது போலப் பட்டை மரத்துப்போகிறது. ஆர்ஆர்ஐஐ 105-க்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் அப்படிப் பதினோரு மரங்கள் நிற்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருக்கிறார்கள். 2011-இல் ரப்பர் கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது அவர் தினமும் வெட்டிய மரங்கள் அவை. ‘அப்ப காலைல பேப்பர்ல வெலையப் பாத்தா கை நிக்காது’ என்றார். 2016 தொடக்கத்தில் விலை நூறு ரூபாய்க்கும் கீழே வந்தது. அதற்குள் அந்த மரங்கள் மரத்துப்போயிருந்தன.

அன்று அவருக்கு மனவலிமை போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. உளவியலும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிவந்தது. 1998-இல் ராய் பாமைஸ்டர் குழுவினர் ஒரு புகழ்பெற்ற சோதனை நடத்தினார்கள். சுடச்சுட பிஸ்கட் வாசம் வீசும் அறையில், பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியை மட்டும் தின்னச் சொன்னார்கள். அப்படி அடக்கிக்கொண்டவர்கள் அடுத்துக் கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்களாம். மனவலிமை என்பது தீர்ந்துபோகும் எரிபொருள் என்ற கருத்து அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. 2016-இல் இதே கருத்தை 23 ஆய்வகங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தபோது விளைவு கிட்டத்தட்ட பூஜ்யமாக வந்தது. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் இதை இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பயன்பட்டது வேறோர் ஆய்வு. வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழு, ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் 205 பேரிடம் ஒரு கருவியைக் கொடுத்து, நாள் முழுவதும் அவ்வப்போது ஒலிக்கவிட்டு, ‘இந்த நிமிடம் எதற்காவது ஆசைப்படுகிறாயா, அதை அடக்கப் பார்க்கிறாயா?’ என்று கேட்டது. 2012-இல் முடிவு வெளிவந்தது. சுயக்கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டுவார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்களுக்கு மல்லுக்கட்டே குறைவாக இருந்தது. சபலம் எட்டிப் பார்க்கிற இடத்துக்கே அவர்கள் அதிகம் போவதில்லை.

ரப்பர்காரரின் நாட்காட்டியில் ஒன்றுவிட்டு ஒரு தேதியில் பேனாவால் சுழித்திருப்பது இந்த வேலையைத்தான் செய்கிறது. வெட்டலாமா வேண்டாமா என்ற கேள்வி நாலு மணிக்கு அவரிடம் வருவதே இல்லை. மாதத் தொடக்கத்திலேயே அதற்கு விடை எழுதியாயிற்று.

முன்கூட்டியே தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ள ஏழைகள் விரும்புவார்களா, அதற்குக் காசும் கொடுப்பார்களா என்று சென்னையிலேயே ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளாதார அறிஞர், 229 சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களோடு மூன்று வாரம் நடத்திய ஆய்வு அது; 2019-இல் வெளியானது. தினமும் வந்து மூச்சுக் கருவியில் ஊத வேண்டும். சேமிக்க வசதியும் செய்து கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குக் குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம். அவர்கள் பகலில் குடிப்பது குறைந்தது. சேமிப்போ சுமார் 60 சதவீதம் ஏறியது. குடியில் மிச்சமான காசு அந்த ஏற்றத்தில் பாதிக்கு மேல் விளக்கவில்லை. தெளிந்த தலை நாளையைப் பற்றி யோசித்தது என்பதே மீதிக்கு ஷில்பாக் சொல்லும் விளக்கம்.

அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. ‘குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இவ்வளவு பணம்’ என்ற ஏற்பாட்டையும், ‘குடிக்காமல் வந்தால்தான் முழுப் பணம்’ என்ற ஏற்பாட்டையும் முன்னால் வைத்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் கையில் வரும் காசைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இரண்டாவதைக் கேட்டார்கள். நாளை சாயங்காலத்தின் தன்னை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு நம்மூரில் ஆய்வாளர் வரவேண்டியதில்லை, சீட்டு இருக்கிறது. ரப்பர்காரரின் மனைவி பாறசாலையில் மாதச் சீட்டுப் போடுகிறார். மலையாளத்தில் அதற்குச் சிட்டி என்று பெயர். கேரள அரசே 1969-இல் கேஎஸ்எஃப்இ என்ற நிறுவனம் தொடங்கிச் சிட்டி நடத்துகிறது. வட்டிக் கணக்குப் பார்த்தால் வங்கியில் போடலாமே என்றேன். ‘பேங்க்ல போட்டா எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்லா. அதான் வேண்டாம்னு வச்சேன்’ என்றார். கென்யாவின் நைரோபியில், கிபேரா குடிசைப்பகுதியில் இதே போன்ற சீட்டுகளைச் சிவான் ஆண்டர்சனும் ழான்-மரி பாலாந்தும் ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள்: சீட்டில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் கணவனோடு வாழ்பவர்கள், வீட்டில் இருந்தால் கரைந்துவிடும் பணத்தைக் காக்க அவர்கள் கண்ட வழி இது. ரப்பர்காரரின் மனைவி சொன்னதில் கணவர் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் பொறுமையைப் பற்றிப் பேசும்போது ஒரு சங்கடம் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் 1960-களின் கடைசியில் தொடங்கிய மிட்டாய்ச் சோதனையை எல்லோரும் சொல்வார்கள்: ஒரு மார்ஷ்மெல்லோவைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்து நன்றாக வந்தார்களாம். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியளவே இருந்தது; குடும்ப நிலவரத்தைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் சுருங்கியது. ரோச்செஸ்டரில் செலஸ்ட் கிட் 2013-இல் செய்தது மேலும் கூர்மையானது. 28 குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதலில் படம் வரைய நல்ல பொருள்கள் தருவதாகச் சொல்லித் தராமல் ஏமாற்றினார்கள். மீதிப் பேருக்குச் சொன்னபடி தந்தார்கள். பிறகு மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்தவை 3 நிமிடம். நாளையை நம்ப முடியாதவனிடம் இன்றைக்கு அடக்கிக்கொள் என்பது அறிவுரையே அல்ல. 2011-இல் தினமும் வெட்டிய அந்தக் கையை இப்போது நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறேன். இந்த விலை நிற்காது என்று அவர் நினைத்தார், நிற்கவும் இல்லை.

இன்னொன்றையும் இந்த மண்ணில் வைத்துப் பேசாமல் விடக்கூடாது. கட்டுப்பாடு என்ற சொல்லுக்குத் திருவிதாங்கூரில் வேறொரு சரித்திரம் இருக்கிறது. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தப் பெண் மார்பை மறைக்கலாம் என்பதெல்லாம் கட்டுப்பாடுதான். அதில் சுயம் கிடையாது. நெய்யாற்றின்கரையிலிருந்து சில கிலோமீட்டரில், நெய்யாற்றின் கரையில் அருவிப்புரம் இருக்கிறது. 1888 சிவராத்திரி அன்று நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அங்கே சிவனாக நிறுத்தினார். ஈழவர் பிரதிஷ்டை செய்யலாகாது என்ற விதியை ஒரு கல்லால் முடித்துவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் கன்னியாகுமரிப் பக்கத்து மருத்துவாமலைக் குகையில் தனித்துத் தவம் இருந்தவர். தைக்காட்டு அய்யாவு சுவாமிகள் என்ற தமிழரிடம் யோகம் பயின்றவர், தமிழிலும் பதிகங்கள் பாடியவர். பின்னாளில் கள்ளே வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். அதுவும் கள் இறக்குவதே பலருக்குத் தொழிலாக இருந்த தன் சமூகத்தாரிடம். வெளியார் போட்ட விதியை உடைத்தவர், தானே போட்டுக்கொள்ளும் விதியைக் கேட்டார். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகியோரின் ஆய்வுகள் 1970-களிலிருந்து திரும்பத் திரும்பக் காட்டும் வேறுபாடு ஏறத்தாழ இதுவே: தன்னுடையது என்று ஏற்றுக்கொண்ட ஒழுங்கு நிலைக்கிறது, மேலிருந்து திணித்தது கண்காணிப்பு போனதும் போய்விடுகிறது.

தானே போட்டுக்கொண்ட விதிக்கு இதே மண்ணில் இன்னொரு சான்றும் உண்டு. விழிஞ்ஞம் பக்கத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தினார். அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்கு உண்டவர்கள் அவர்கள். வயல்கள் களை மண்டின. விழிஞ்ஞத்து மீனவர்கள் தங்கள் படகுகளில் அவர்களுக்கு வேலை கொடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. மிட்டாய்ச் சோதனையில் யாரும் வைத்துப் பார்க்காத ஒன்று இது: காத்திருப்பவனுக்குப் பக்கத்து வீட்டுச் சோறு.

பத்து மணிக்குள் ரப்பர்காரர் பாலை எடுத்து, வடிகட்டி, தட்டுகளில் ஊற்றி, ஆசிட் கலந்து முடித்திருந்தார். மேலெல்லாம் புளித்த வாடை. குளித்துவிட்டு வந்தார், பனச்சமூட்டுச் சந்தைப் பக்கம் டீ குடிக்கப் போனோம். மேசையில் மலையாளப் பேப்பர் கிடந்தது, வணிகப் பக்கம் மேலே மடித்தபடி. கோட்டயம் ரப்பர் விலை அதில் நாள்தோறும் வரும்.

இன்னைக்கு என்ன விலை என்று கேட்டேன்.

‘பாக்கல்ல சாரே’ என்றார், பேப்பரை நகர்த்தி டீ கிளாஸுக்கு இடம் பண்ணிக்கொண்டே. ‘நாளைக்கு வெட்டு இல்லல்லா.’