வண்டிக்குள் ஓடும் மின்சாரம் – 9: சுற்றாத ஃபேனும் மீட்டர் காட்டும் 12 வோல்ட்டும்

ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும்போது இன்ஜின் சூடு ஏறுகிறது, பைபாஸில் ஏறி வேகமெடுத்ததும் தானாக இறங்கிவிடுகிறது. இப்படி ஒரு கார் வந்தால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மீது விழுவது நியாயம்தான். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கிற வண்டிக்குத்தான் ஃபேன் வேண்டும். சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. பல பட்டறைகளில் மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, அதில் மல்டிமீட்டரை வைக்கிறார்கள். 12 வோல்ட் தெரிகிறது. 'கரன்ட் வருது, மோட்டார்தான் போச்சு' என்று முடிவாகிறது. புது மோட்டார் மாட்டிய பிறகும் ஃபேன் மெதுவாகவே சுற்றும், அல்லது சில மாதங்களில் நின்றுபோகும். மெக்கானிக் கவனக்குறைவானவர் என்பதல்ல காரணம். கப்ளரைக் கழற்றிவிட்டு எடுக்கும் அளவு, நாம் கேட்க வேண்டிய கேள்விக்குப் பதிலே சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறிய காரின் ஃபேன் 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கிறது என்றால், அதன் மின்தடை சுமார் 0.8 ஓம். வரும் வழியில் களிம்பு ஏறிய ஒரு பின் 0.4 ஓம் தடையைச் சேர்க்கிறது என்று வையுங்கள். மொத்தம் 1.2 ஓம், மின்னோட்டம் 10 ஆம்பியராகச் சுருங்கும், மோட்டாருக்குக் கிடைப்பது 8 வோல்ட் மட்டுமே. மீதி 4 வோல்ட் அந்தப் பின்னில் 40 வாட் வெப்பமாகிறது. ஒரு சால்டரிங் அயனின் சூடு அது. கப்ளர் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறுவதில் வியப்பில்லை. சுற்றும் மோட்டார் தானே எதிர்மின்னழுத்தம் உண்டாக்குவதால் உண்மை எண்கள் சற்று மாறும், நடப்பது மாறாது. இப்போது கப்ளரைக் கழற்றி அதே பின் வழியாக மீட்டரை வையுங்கள். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 1 கோடி ஓம். அது இழுக்கும் மின்னோட்டத்துக்குப் பின்னில் இழப்பாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே கெட்ட பின்னும் 12 என்றே காட்டும். 5 வாட் டெஸ்ட் லேம்ப்பும் பளிச்சென்று எரியும். ஆனால் 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டினால் அந்தப் பின்னில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இழப்பாகி, வெளிச்சம் மங்குவது கண்ணுக்கே தெரியும். ஹெட்லைட் பல்பை வைத்துச் சோதிக்கும் பழைய எலக்ட்ரீஷியனின் வழக்கத்தில் நல்ல அறிவு இருக்கிறது.

எனவே கப்ளரை மாட்டிய நிலையில், ஃபேனுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனைக்கும் மோட்டாரின் பிளஸ் பின்னுக்கும் இடையே ஒரு முறை. மோட்டாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே ஒரு முறை. ஏதாவது ஒரு பக்கம் அரை வோல்ட்டை நன்றாகத் தாண்டினால், அந்தப் பக்கத்தில்தான் கோளாறு. பிறகு ஃப்யூஸ், ரிலே, கப்ளர் என்று ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் வைத்துக்கொண்டே போனால் இடம் அகப்பட்டுவிடும். எர்த் பக்கத்தைத் தவறாமல் அளக்கச் சொல்வேன். பாடியில் முடுக்கிய எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்திருப்பதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. ஒரு எச்சரிக்கை: சில கார்களில் சாவியை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். இறக்கைகளின் அருகே கை போகக் கூடாது.

ஓம் அளவில் வைத்து, பீப் சத்தம் வருகிறதா என்று பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மீட்டர் வயர்களின் தடையே 0.2, 0.3 ஓம் இருக்கும். பத்து இழைகளில் ஒன்பது அறுந்த வயரும் பீப் அடிக்கும். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது இதைவிட நல்ல சோதனை. நேராகக் கொடுத்தும் சுற்றாவிட்டால் மோட்டார் போனதுதான். சுற்றினாலும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்துவிட வேண்டும். புஷ் இறுகிய மோட்டார் அளவுக்கு மீறி இழுத்து ரிலேயின் முனைகளைக் கருக்கும். அந்த நிலையில் ரிலேயை மட்டும் மாற்றினால் புதியதும் கருகும்.

ஃபேன் துளியும் அசையவில்லை என்றால் முதலில் ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டால் ஃபேனும் ஓட வேண்டும். ஒரே ஃபேன் உள்ள வண்டியில் அது நன்றாக ஓடினால் மோட்டாரும் எர்த்தும் பிழைத்தன. தேடல் கூலன்ட் சென்சார் பக்கம் போக வேண்டும். இத்தனை எதற்கு, ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனை 'டைரக்ட்' பண்ணிவிடலாமே என்பவர்களின் அவசரம் புரிகிறது. ஆனால் களிம்பேறிய பின்னும் துருப்பிடித்த எர்த்தும் அந்த வழியிலேயே இருந்தால் 8 வோல்ட் 8 வோல்ட்டாகவே நிற்கும். அதோடு சுவிட்சைப் போட ஓட்டுநர் ஒரு நாள் மறந்தால், ஹெட் கேஸ்கெட் போகும்.

புதிய கார்கள் பலவற்றில் ஃபேனின் வேகத்தைக் கன்ட்ரோல் மாட்யூல் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக விட்டு மாற்றுகிறது. அங்கே மோட்டார் முனையில் மீட்டர் காட்டும் எண் வெறும் சராசரி. மாட்யூலுக்கு வரும் பிளஸ் வயரும் எர்த் வயரும் மட்டும் பழைய காரில் உள்ளவை போன்றவையே. ஸ்கேனரால் ஃபேனை முழு வேகத்தில் ஓடச் செய்து, அந்த இரண்டையும் அளந்துவிட்டு மாட்யூலுக்கு விலை கேட்கலாம்.