வாசிக்காமல் 'ஓகே' அழுத்தலாமா?



கூட்டத் தீர்மானத்தை வாசித்துக் காட்டாமல் நாம் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வாசிக்காமலேயே பட்டனைத் தட்டிவிடுகிறோம். அப்படித் தட்டி நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு மாதக் கடைசியில் 14 குழுக்களின் சேமிப்பு, கடன் வசூல் கணக்கை எக்செல்லில் ஏற்றினோம். மத்தியானம் முழுக்க ஒரு தடவைகூட சேவ் செய்யவில்லை. கடைசி பஸ் போயிடுமே என்ற அவசரத்தில் மூடும் குறியை அழுத்தினோம். நடுவில் சின்னப் பெட்டி ஒன்று வந்து ஏதோ கேட்டது. 'நோ' என்று தட்டிவிட்டு ஓடினோம். மறுநாள் திறந்தால் ஏற்றியதில் ஒரு வரிகூட இல்லை! "செய்த மாற்றங்களைச் சேமிக்கவா?" என்றுதான் அது கேட்டிருக்கிறது. பேரேடு கையில் இருந்ததால் பிழைத்தோம். ஆனால் ஒரு நாள் வேலை போச்சு.

அந்தப் பெட்டிக்கு டயலாக் பாக்ஸ் என்று பெயர். டயலாக் என்றால் உரையாடல். நாம் சொன்ன வேலையைச் செய்ய விவரம் தேவைப்பட்டால் கம்ப்யூட்டர் இதன் மூலம் நம்மைக் கேட்கிறது. பதில் சொல்லும் வரை பெரும்பாலும் பின்னால் உள்ள வேலை நகராது. "மிஷின் நின்னு போச்சு" என்று பயப்பட வேண்டாம். நம் பதிலுக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பதில் சொல்வது எப்படி?

பிரிண்ட் எடுக்கும்போது வரும் பெட்டியையே பார்ப்போமே.

* வட்டம் (ரேடியோ பட்டன்): எல்லாப் பக்கமுமா, சில பக்கம் மட்டுமா? ஒன்றைத்தான் தேர்வு செய்யலாம். பழைய ரேடியோவில் ஒரு பட்டனை அமுக்கினால் மற்றது மேலே எழும்பும் அல்லவா? பெயர் அதிலிருந்து வந்ததுதான்.
* சதுரம் (செக் பாக்ஸ்): விண்ணப்பத்தில் டிக் போடுவது போல. எத்தனை வேண்டுமானாலும் டிக் போடலாம், போடாமலும் விடலாம். மறுபடி கிளிக் செய்தால் டிக் போய்விடும்.
* எழுதும் கட்டம் (டெக்ஸ்ட் பாக்ஸ்): எத்தனை காப்பி என்று இங்கே அடிக்க வேண்டும். 1 என்பதற்கு 11 என்று விழுந்தால் பேப்பரும் மையும் வீண்!
* அம்புக்குறி உள்ள கட்டம் (டிராப் டவுன்): கிளிக் செய்தால் பட்டியல் கீழே விரியும். எந்தப் பிரிண்டர் என்பதை அதில் தேர்வு செய்யலாம்.

ஏதாவது ஒரு பட்டன் மங்கலாகத் தெரிந்தால் அது இப்போது வேலை செய்யாது என்று அர்த்தம். வேண்டிய விவரம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவு சொல்லும் பட்டன்கள்

'ஓகே' அழுத்தினால் நாம் சொன்னதை ஏற்றுக்கொண்டு பெட்டி மூடும். 'அப்ளை' அழுத்தினால் ஏற்கும், ஆனால் பெட்டி மூடாது. 'கேன்சல்' என்றால் "வேண்டாம், விட்டுவிடு" என்று அர்த்தம். ஏற்கெனவே 'அப்ளை' செய்துவிட்டதைப் பொதுவாகக் கேன்சல் திருப்பாது.

கணக்கை மூடும்போது வரும் பெட்டியில்தான் அதிகக் கவனம் வேண்டும். புதிய எக்செல்லில் 'சேவ்', 'டோன்ட் சேவ்', 'கேன்சல்' என்று மூன்று இருக்கும். 'சேவ்' காப்பாற்றும். 'டோன்ட் சேவ்' என்றால் கடைசியாக சேவ் செய்ததற்குப் பிறகு ஏற்றியது போய்விடும். சந்தேகம் வந்தால் 'கேன்சல்' அழுத்துங்கள். கணக்கு மூடாமல் அப்படியே இருக்கும்; நிதானமாகப் பார்க்கலாம்.

மவுஸ் மக்கர் செய்கிறதா? 'டேப்' விசை அடுத்த இடத்துக்குப் போகும். 'ஸ்பேஸ்' விசை டிக் போடும். 'எஸ்கேப்' பொதுவாகக் கேன்சலுக்குச் சமம்.

ஆபரேட்டர் வேலை செய்யும்போதும் பக்கத்தில் உட்காருவோம். "இது என்ன கேக்குது பாப்பா? வாசிச்சுச் சொல்லு" என்று கேட்போம். கேட்பதில் வெட்கம் என்ன? பணம் நம் பணம், கணக்கு நம் கணக்கு. அடுத்த முறை பெட்டி வந்தால் முதலில் வாசிப்போம், பிறகு அழுத்துவோம். சரிதானே தோழிகளே?