மேலே என்ன, கீழே என்ன?

பௌர்ணமியன்று அருணாசலத்தை வலம் வரும் உத்தேசத்துடன் திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள், அறை எடுக்கும்போது குளிர்சாதனம் உண்டா, வெந்நீர் வருமா, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமா என்றெல்லாம் விசாரிக்கிறார்களே தவிர, அந்த அறைக்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது, சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று விசாரிப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. 14 கிலோமீட்டர் வெறுங்காலுடன் நடந்து வந்து படுக்கும் வயோதிகருக்கு நித்திரை மருந்துக்குச் சமானம். அந்த மருந்து கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் பெரும்பாலும் அறையின் அலங்காரத்தைப் பொறுத்ததன்று. அறை அமைந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது.

கப்பல் யாத்திரையில் தேர்ந்தவர்களுக்கு இந்த விசாரணை பழகிய காரியம். 2022-ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியா உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கிவிட்டபடியால், கடலைக் காணாத நம் பக்கத்து ஜனங்களும் இதை அறிந்திருப்பது நல்லது. பின்புறத்தில் சுழலும் விசிறி கப்பலின் உடலில் ஓயாத அதிர்வை எழுப்புவதாலும், முன்புறத்தில் நங்கூரச் சங்கிலியும், துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் யந்திரங்களும் பல சமயம் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடுவதாலும், விஷயம் தெரிந்தவர்கள் நடுப்பகுதியில் தாழ்ந்த தளத்தில் அறை கேட்கிறார்கள். அதிலும் தளங்களின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் நடன மண்டபமோ சமையற்கூடமோ இல்லாமல், மேலும் கீழும் இரு பக்கமும் பிறர் உறங்கும் அறைகளே சூழ்ந்த ஓர் அறையைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அசையாமல் நிலத்தில் நிற்கும் நம் லாட்ஜுகளுக்கும் இந்த முறை அப்படியே பொருந்துகிறது.

காரணம், சப்தம் இரண்டு வழியாக வருகிறது. காற்றின் வழியே வருவதை ஜன்னலைச் சாத்தியும் காதில் பஞ்சு வைத்தும் ஓரளவு தடுக்கலாம். தூண், உத்தரம், தண்ணீர்க் குழாய் என்று கட்டடத்தின் உடல் வழியாக வருவதை அவ்வாறு தடுக்க இயலாது. பஞ்சு வைத்த காதிலும் கட்டில், தலையணை மூலமாக அது ஏறிவிடும். விடியற்காலை நான்கு மணிக்கு விடுதி முழுவதும் ஒரே சமயத்தில் ஸ்நானத்துக்கு எழுந்திருக்கிறபோது, மாடித் தொட்டி காலியாகி மோட்டார் ஓடத் தொடங்கும். அந்நேரம் குழாய் ஏறும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சுவர் மெல்ல நடுங்குவது தெரியும். முக்காலியின் மேல் இருக்கும் டம்ளர் நீரில் வளையம் வளையமாக அலை எழும்.

ஆகவே “அமைதியான ரூம் சார், கடைசி மாடி, மலை நல்லாத் தெரியும்” என்று மேலாளர் சொன்னால் அத்துடன் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

“மேல என்ன தம்பி இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார், மொட்டை மாடிதான்.”

“தண்ணி டேங்க்?”

“அது இருக்கு சார். லிப்ட் மோட்டாரும் அங்கதான் இருக்கு.”

இவ்வளவு தெரிந்த பிறகு, மலைக் காட்சியை மாடியில் நின்று தரிசித்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்து, இடைப்பட்ட மாடியில், படிக்கட்டுக்கும் லிப்டுக்கும் விலகிய அறையைக் கேட்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். கொல்லைப்புறத்து அறையானால், ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, தெருவின் விஷயம். ஓரிடத்தில் நின்று ஒலிக்கும் ஒலிபெருக்கியின் சப்தம், திறந்த வெளியில் நாம் விலகும் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. இடைவிடாமல் வாகனங்கள் ஓடும் நீண்ட சாலையின் சப்தமோ 3 டெசிபல் அளவே குறைகிறது. எனவே சாலையை விட்டு நேராகத் தள்ளிப் போவதைக் காட்டிலும், ஒரு மூலை திரும்பி, இடையில் ஒரு கட்டடம் மறைக்கும்படி தங்குவது அதிகப் பயன் தரும். உயரப் போனால் சப்தம் அடங்கிவிடும் என்பதும் சரியன்று. சாலை கண்ணுக்குத் தெரியும் மட்டும் அதன் சப்தமும் காதுக்கு எட்டவே செய்யும். ஸ்ரீ ரமணாசிரமத்தின் பக்கம் என்றாலே நிசப்தம் என்று நம்பிச் செங்கம் சாலையை ஒட்டியே அறை பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாதாரண நாட்களில் அது பஸ்ஸும் லாரியும் ஓடும் பெருஞ்சாலை, பௌர்ணமி இரவிலோ கிரிவலப் பாதையே அதன் மேல்தான் செல்கிறது. அதே ரமண நகரில் சாலையை விட்டு உள்ளே திரும்பிய குறுக்குத் தெருக்கள் எவ்வளவோ மேல்.

மாட வீதிகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் டெசிபல் கணக்கு அறியாதவர்கள். ஆயினும் தெருவுக்குத் திண்ணையைக் கொடுத்து, அதன்பின் ரேழி, முற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடை வைத்து, இரண்டாம் கட்டில் உறங்கினார்கள். தேர் திரும்பும் வீதியிலேயே இருந்துகொண்டு அவர்கள் நிம்மதியாக வாழ்ந்ததை நினைக்கும்போது, சாலையை நோக்கியே எல்லா ஜன்னல்களையும் திறந்து வைக்கும் இன்றைய கட்டடங்களைக் கண்டு எனக்கு வருத்தம் உண்டாகிறது. கனத்த சுவரும் மண்ணும் ஒலியைத் தடுப்பதுபோல் மெல்லிய பலகையோ கண்ணாடியோ தடுப்பதில்லை. 1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூர் வந்து சேர்ந்த வேங்கடராமன் என்னும் இளைஞர், பின்னாளில் ரமண மகரிஷி எனப் புகழ்பெற்றவர், ஆலயத்தின் ஆயிரங்கால் மண்டபத்தில் மௌனமாக அமர்ந்திருக்கையில் சிறுவர்கள் கல்லெறிந்து உபத்திரவம் செய்யவே, அங்கேயே நிலத்துக்குக் கீழிருக்கும் பாதாள லிங்கச் சந்நிதிக்குள் இறங்கிவிட்டார் என்பது சரித்திரம். அவர் நாடியது நித்திரையன்று, ஏகாந்தம். எனினும் கோயிலுக்குள்ளேயே வெளியுலகின் ஆரவாரம் மிகக் குறைவாக எட்டும் இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கார்த்திகைத் தீபத் திருவிழா வேறு கணக்கு. ஏழாம் நாள் ஐந்து தேர்களும் ஒன்றன்பின் ஒன்றாக மாட வீதிகளைச் சுற்றி வரும்; பெரிய தேரின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் செருகித் திருப்பும்போது மரம் முனகுகிற சப்தமும், தரையின் அதிர்வும் வீட்டு வாசல் வரை வந்து சேரும். பத்தாம் நாள் விடியற்காலையில் பரணி தீபம், மாலையில் மலையுச்சியில் மகா தீபம். அந்த நாட்களில் இரைச்சலைக் குறை கூறுவது அழகன்று; அரோகரா என்னும் கோஷத்தைக் கேட்கத்தானே வருகிறோம்? கைக்குழந்தையும் நோயாளியும் உடன் வருவதாயின் ஊரை விட்டு விலகிய பக்கத்தில் தங்கிக்கொள்ளலாம். ஆனால் மற்ற மாதங்களில் கடைகளின் கூம்பு வடிவ ஒலிபெருக்கிகள் நள்ளிரவு தாண்டியும் அலறுவதற்கு நியாயம் கிடையாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு விதித்த எல்லை 45 டெசிபல்.

விடுதி நடத்துகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. மோட்டாரைத் தளத்தில் நேரே முடுக்காமல் அடியில் தடித்த ரப்பர் கட்டைகள் வைத்து, அது குழாயோடு சேரும் இடத்தில் வளையும் ரப்பர் இணைப்பு ஒன்றைப் பொருத்தி, குழாயைச் சுவரில் பிணைக்கும் பட்டைகளுக்குள்ளும் ரப்பர் சுற்றிவிட்டால், விடியற்கால அதிர்வு பெரும்பகுதி அடங்கிவிடும். தொட்டியை இரவு ஒன்பது மணிக்குள் நிரப்பி வைக்கலாம். அறைக் கதவுகள் அறைந்து சாத்தாதபடி சட்டத்தில் ஒரு துண்டு ரப்பர் ஒட்டலாம். குளிர்சாதனத்துக்குச் செய்யும் செலவில் ஒரு சிறு பங்கு கூட இதற்கு ஆகாது.