மின்சாரம் திரும்பியும் இயந்திரம் ஏன் ஓடவில்லை?

பிற்பகலில் இடியுடன் மழை. திடீரென்று மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. பத்து நிமிடம் கழித்து மின்சாரம் திரும்பியதும் உங்கள் வீட்டு மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்குகிறது. ஆனால், ஒரு தச்சுப் பட்டறையில் மின்தடைக்கு முன் ஓடிக்கொண்டிருந்த வட்ட ரம்பம் அசையாமல் நிற்கிறது. யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மீண்டும் ஓடுகிறது.

இரண்டிலும் இருப்பது மின்மோட்டார்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மின்சாரம் இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில், ரம்பத்தில் சிக்கிய மரத்துண்டை எடுக்க ஒரு தொழிலாளி கையை உள்ளே விட்டிருக்கலாம். அந்த நொடியில் மின்சாரம் திரும்பி, ரம்பமும் சுழன்றால் என்ன ஆகும்? இந்த ஆபத்தைத் தடுக்கும் அறிவு ரம்பத்தின் மோட்டாரில் இல்லை. அதன் அருகிலுள்ள சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. தொழில்திறன் பயிற்சி நிலையங்களில் மின்னியல் பயிலும் மாணவர்கள் கற்கும் முக்கியப் பாடங்களில் ஒன்று, அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன என்பதுதான். இந்த வாரம் அதை நாமும் திறந்து பார்ப்போம்.

ஓயாத உழைப்பாளி

மின்தூக்கி, மின்படிக்கட்டு, அடுக்குமாடி வீட்டின் தண்ணீர்ப் பம்பு, செம்பனை எண்ணெய் ஆலையின் நகரும் பட்டை ஆகிய எல்லாவற்றையும் இயக்குவது மோட்டார். உலகில் பயன்படுத்தப்படும் மின்சாரத்தில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார்களுக்கே செல்வதாக அனைத்துலக எரிசக்தி அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

தொழிற்சாலைகளில் பெரும்பாலும் இருப்பது மும்முனைத் தூண்டல் மோட்டார். இத்தாலியின் கலிலியோ பெராரிஸும் அமெரிக்காவில் வாழ்ந்த நிக்கோலா டெஸ்லாவும் 1880களில் தனித்தனியே சுழலும் காந்தப்புலத்தைக் கண்டறிந்தனர். 1889இல் மிக்கைல் டொலிவோ-டொப்ரொவோல்ஸ்கி, இன்று நாம் காணும் வடிவத்துக்கு அடித்தளமான மும்முனை மோட்டாரை உருவாக்கினார்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மும்முனை மின்சாரம் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. நான்கு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். உள்ளிருக்கும் சுழலி அதைத் துரத்திக்கொண்டே ஓடும், ஆனால் பிடிக்காது. அதனால்தான் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 1,440 போன்ற சற்றுக் குறைவான எண் எழுதப்பட்டிருக்கும்.

சாதாரண சுவிட்ச் போதாதா?

5.5 கிலோவாட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் அது சுமார் 11 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அசையாமல் நிற்கும் நிலையிலிருந்து புறப்படும்போதோ அதுபோல் ஆறு மடங்கு வரை இழுக்கக்கூடும். இவ்வளவு மின்னோட்டத்தை விரலால் தொடும் பொத்தானின் வழியே நேராகச் செலுத்துவது சரியன்று. பொத்தானின் உள்முனைகள் தீப்பொறியில் கருகிவிடும்.

இதற்கான தீர்வு கான்டாக்டர் என்ற கருவி. அதனுள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சுருளில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்தால் அது மின்காந்தமாகி, இரும்புத் துண்டொன்றைத் ‘டக்’ என்று இழுக்கும். அதனுடன் பிணைந்த மூன்று பெரிய தொடர்புகளும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும்; மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேரும். சுருளில் மின்சாரம் நின்றால், உள்ளிருக்கும் சுருள்வில் தொடர்புகளைத் தள்ளித் திறந்துவிடும்.

ஆகவே பெட்டிக்குள் இரண்டு மின்சுற்றுகள் உள்ளன. ஒன்று, மோட்டாருக்குத் தடித்த கம்பிகளில் செல்லும் ஆற்றல் சுற்று. மற்றொன்று, பொத்தான்களும் சுருளும் உள்ள மெல்லிய கட்டுப்பாட்டுச் சுற்று. மாணவர்கள் முதலில் பழகுவது, இவ்விரண்டையும் தனித்தனிப் படமாக வரைந்து பார்ப்பதைத்தான்.

தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் சுற்று

பச்சைப் பொத்தானை அழுத்துகிறீர்கள், மோட்டார் ஓடுகிறது. விரலை எடுத்ததும் பொத்தான் மேலே வந்துவிடுகிறது. ஆனாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்படி?

கான்டாக்டரில் மூன்று பெரிய தொடர்புகளோடு ஒரு சிறிய துணைத் தொடர்பும் இருக்கும். பெரும்பாலும் அதன் முனைகளில் 13, 14 என்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். இத்தொடர்பைப் பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாக இணைக்கிறார்கள். பொத்தானை அழுத்தியதும் சுருள் உயிர்பெறுகிறது. துணைத் தொடர்பு மூடுகிறது. இனி, பொத்தான் திறந்தாலும் மின்சாரம் அந்தத் துணைத் தொடர்பின் வழியாகச் சுருளுக்குச் செல்கிறது. கான்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது.

இப்போது நம் தொடக்கக் கேள்விக்கு வருவோம். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் சுருள் காந்தத்தன்மையை இழக்கும். துணைத் தொடர்பும் திறந்துவிடும். மின்சாரம் திரும்பும்போது சுருளுக்குச் செல்ல எந்த வழியும் இல்லை: பச்சைப் பொத்தானும் திறந்திருக்கிறது, துணைத் தொடர்பும் திறந்திருக்கிறது. ஒரு மனிதர் வந்து, பார்த்து, அழுத்தும்வரை இயந்திரம் காத்திருக்கும். வீட்டு மின்விசிறியின் சுவிட்ச் அழுத்திய நிலையிலேயே இருப்பதால் அது காத்திருப்பதில்லை.

சிவப்புப் பொத்தானில் ஒரு நுட்பம்

பச்சைப் பொத்தான் அழுத்தினால் இணையும் வகை. சிவப்புப் பொத்தான் எப்போதும் இணைந்திருந்து, அழுத்தினால் பிரியும் வகை. அது சுருளோடு தொடர் இணைப்பில் இருக்கும். அழுத்தியதும் சுருளின் பாதை அறுந்து மோட்டார் நிற்கும்.

ஏன் இப்படித் தலைகீழாக அமைக்க வேண்டும்? சிவப்புப் பொத்தானுக்குச் செல்லும் கம்பியை எலி கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பில், கம்பி அறுந்த கணமே மோட்டார் நின்றுவிடும். பழுது வெளியே தெரிந்துவிடும். மாறாக, அழுத்தினால் இணையும் பொத்தானை நிறுத்துவதற்குப் பயன்படுத்தியிருந்தால், கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாது. ஆபத்து வந்து, பதறி ஓடி அழுத்தும்போதுதான் அது வேலை செய்யவில்லை என்பது தெரியவரும். பழுது ஏற்பட்டாலும் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்பது பொறியியலின் பொன்விதிகளில் ஒன்று.

காளான் வடிவிலுள்ள அவசர நிறுத்தப் பொத்தானும் இவ்விதியின்படியே இயங்குகிறது. அழுத்தினால் அது உள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதைத் திருகி விடுவித்தாலும் இயந்திரம் உடனே ஓடக்கூடாது; மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தியாக வேண்டும்.

மோட்டாரின் காய்ச்சலை உணரும் கருவி

மின்கசிவுத் தடுப்பான், ஃபியூஸ் ஆகியவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மோட்டாருக்கு இவை மட்டும் போதாது. ரம்பம் ஈர மரத்தில் திணறினால் மோட்டார் வழக்கத்தைவிடச் சற்று அதிகமான மின்னோட்டத்தை இழுக்கும். ஃபியூஸை உருக்க அது போதாது. ஆனால் நீண்ட நேரம் நீடித்தால் மோட்டாரின் சுருள்கள் சூடேறிக் கருகிவிடும்.

மிகைச்சுமை ரிலே இதைக் கவனிக்கிறது. அதன் பழைய, எளிய வகையில் இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒட்டிய பட்டைகள் இருக்கும். வெப்பத்தில் இரண்டும் வெவ்வேறு அளவு விரிவதால் பட்டை வளையும். போதிய அளவு வளைந்ததும் ஒரு தொடர்பைத் தட்டித் திறக்கும். சுருளின் பாதை அறுந்து மோட்டார் நிற்கும். பட்டை சூடேறக் கொஞ்ச நேரம் பிடிப்பதால், மோட்டார் புறப்படும் சில விநாடிகளின் பெரும் மின்னோட்டத்தை அது பொறுத்துக்கொள்கிறது. அறிவியல் பாடத்தில் படித்த வெப்ப விரிவு, இங்கே ஒரு காவலாளியாக வேலை செய்கிறது.

மூன்றில் ஒரு பங்கு

பெரிய மோட்டார்களை நேரடியாகத் தொடங்கினால் அந்தக் கட்டடத்தின் மின்னழுத்தமே ஒரு கணம் சரியக்கூடும். அதனால் ‘ஸ்டார்-டெல்டா’ முறையைப் பயன்படுத்துகிறார்கள். முதல் சில விநாடிகள் மோட்டாரின் மூன்று சுருள்களும் நட்சத்திர வடிவில் இணைக்கப்படும். அப்போது ஒவ்வொரு சுருளும் 400 வோல்ட்டுக்குப் பதிலாகச் சுமார் 230 வோல்ட்டையே பெறும். மின்கம்பியில் செல்லும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மோட்டார் வேகம் பிடித்த பிறகு இணைப்பு முக்கோண வடிவுக்கு மாறும். இதில் ஒரு விலையும் உண்டு: தொடக்கத்தில் திருப்பு விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கனமான சுமையோடு புறப்பட வேண்டிய இயந்திரத்துக்கு இந்த முறை பொருந்தாது.

மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டுவது இன்னும் எளிது. மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். இதற்கு இரண்டு கான்டாக்டர்கள் தேவை. இரண்டும் ஒரே நேரத்தில் மூடினால் குறுக்கு மின்சுற்று ஏற்பட்டுப் பெட்டியே வெடிக்கக்கூடும். எனவே, ஒன்று இழுத்திருக்கும்போது மற்றொன்றின் சுருளுக்கு மின்சாரம் போகாதபடி ஒன்றையொன்று தடுக்கும் இணைப்பு கட்டாயம் அமைக்கப்படும்.

பயிற்சிப் பட்டறையில் என்ன நடக்கும்?

இவற்றையெல்லாம் படத்தில் வரைந்த பிறகுதான் மாணவர் கையில் திருப்புளி வரும். கம்பிகளை இணைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் இடுவார். மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு பாதையையும் சோதிப்பார். பிறகு மோட்டாரை இணைக்காமல் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, அந்த ‘டக்’ ஓசைக்காகக் காத்திருப்பார். கடைசியாகத்தான் மோட்டார் ஓடும்.

பழுது பார்ப்பது இப்பயிற்சியின் சுவையான பகுதி. நீங்களும் துப்பறிந்து பாருங்கள்.

பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மட்டும் மோட்டார் ஓடுகிறது. விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. குற்றவாளி யார்? துணைத் தொடர்பு, அல்லது அதற்குச் செல்லும் கம்பி.

கான்டாக்டர் ‘டக்’ என்று இழுக்கிறது. மோட்டாரிலோ எந்த அசைவும் ஓசையும் இல்லை. கட்டுப்பாட்டுச் சுற்று நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆற்றல் சுற்றைத் தேடுங்கள்.

மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை. மூன்று முனைகளில் ஒன்று வரவில்லையா என்று முதலில் சந்தேகப்படுங்கள். உடனே நிறுத்தாவிட்டால் சுருள்கள் சூடேறிவிடும்.

பழுது பார்க்கும் முன் ஒரு கட்டாயப் பழக்கம் உண்டு. முதன்மைச் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். பிறகு, மின்சாரம் உண்மையில் இல்லை என்பதைக் கருவியால் உறுதிசெய்வார். அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதையும் சோதனைக்கு முன்னும் பின்னும் மின்சாரமுள்ள வேறோர் இடத்தில் பார்த்துக்கொள்வார்.

கம்பியிலிருந்து கணினிக்கு

1960களில் கார்த் தொழிற்சாலைகளில் இத்தகைய ரிலேக்கள் சுவர் சுவராக நிறைந்திருந்தன. உற்பத்தி முறை மாறும்போதெல்லாம் கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதற்கு மாற்று வழி கேட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் பிஎல்சி எனப்படும் நிரல்படுத்தக்கூடிய கட்டுப்பாட்டுக் கணினி. அதில் எழுதும் ‘ஏணிப் படம்’ என்ற நிரல், பழைய ரிலே மின்சுற்றுப் படத்தைப் போலவே இருக்கும். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், தன்னைப் பிடித்துக்கொள்ளும் தொடர்பு எல்லாம் திரையில் அப்படியே தோன்றும். கம்பியில் கற்றவர்களுக்குக் கணினி புதிதன்று.

மோட்டாரின் வேகத்தையே மாற்றும் மின்னணுக் கருவிகளும் இன்று பரவிவிட்டன. மின்விசிறியின் வேகத்தை 80 விழுக்காட்டுக்குக் குறைத்தால், அது இழுக்கும் ஆற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடும். காரணம், ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுகிறது: 0.8 × 0.8 × 0.8 = 0.512. கணக்குப் பாடம் மின் கட்டணத்தைக் குறைக்கும் இடம் இது.

இத்துறையில் ஆர்வம் உள்ளவர்கள் மலேசியாவில் தொழிற்பயிற்சிக் கழகங்கள், தொழிற்கல்லூரிகள் ஆகியவற்றிலும், சிங்கப்பூரில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் மின்னியல் பயிலலாம். கணக்கும் இயற்பியலும் கைகொடுக்கும். பொறுமை அதைவிடக் கைகொடுக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள்

வீட்டு மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். இரண்டு தொடர்புகள் கொண்ட 6 வோல்ட் ரிலே, நான்கு சிறிய மின்கலங்கள், 6 வோல்ட் குமிழ்விளக்கு, அழுத்தினால் இணையும் பொத்தான் ஒன்று, அழுத்தினால் பிரியும் பொத்தான் ஒன்று ஆகியவை போதும். ரிலேயின் ஒரு தொடர்பைப் பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாகவும், மற்றொன்றை விளக்குக்கும் இணையுங்கள். சிவப்புப் பொத்தானைச் சுருளோடு தொடரில் வையுங்கள். பச்சையை அழுத்தி விளக்கை எரியவிட்ட பிறகு, ஒரு மின்கலத்தைக் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். விளக்கு எரியாமல் உங்கள் விரலுக்காகக் காத்திருந்தால், மின்சுற்றைச் சரியாக அமைத்துவிட்டீர்கள்.