ஆகன் நாட்கள் – 7: நூற்றைந்து கட்டங்கள்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வெப்பப் பரிமாற்ற வகுப்பு. அந்த நேரத்தில் நான் நெடுஞ்சாலை ஓரம் நின்றுபோன ஒரு பேருந்துக்குள் கழுத்து வலியோடு உட்கார்ந்திருந்தேன். வெள்ளி இரவு ஏறி சனிக்கிழமை ப்ராக் நகரில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்ப ஏறிய பயணம். வண்டி மூன்று மணி நேரம் தாமதம். டிசம்பர் முதல் வாரம் அது. அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகருக்குப் படிக்க வந்த பிறகு நான் வெளியூரில் கழித்த ஐந்தாவது சனி, ஞாயிறு.

அறை தேடி அலைந்த கதையைச் சென்ற வாரம் சொன்னேன். அறை கிடைத்த அன்று இரவே வரைபடத்தை விரித்துவிட்டேன். ஆகன் இருக்கும் இடம் அப்படி. ஊர் எல்லையில் ஒரு குன்று. உயரம் 322 மீட்டர்தான். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் அதன் உச்சியில் சந்திக்கின்றன. அங்கே நட்டிருக்கும் கல்லை ஒரு சுற்று சுற்றினால் மூன்று நாடுகளையும் மிதித்துவிடலாம். எங்கள் குடும்பத்தில் முதல் பாஸ்போர்ட்டே என்னுடையதுதான். அந்தக் கல்லை நான் நாலைந்து முறை சுற்றினேன்.

போதாக்குறைக்கு செமஸ்டர் டிக்கெட் வேறு. 2024-இல் மாதம் 29.40 யூரோ கணக்கில் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். அதிவேக ரயில்களில் செல்லாது. மற்றபடி ஜெர்மனி முழுக்க எந்தப் பாசஞ்சர் ரயிலிலும், நகரப் பேருந்திலும், டிராமிலும் ஏறலாம். கையில் டிக்கெட் இருக்கும்போது ஊரில் சும்மா இருப்பது பணத்தை வீணாக்குவது போலத் தோன்றும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த எண்ணத்தைப் பற்றித்தான்.

நம் ஊர்க் கல்லூரியில் மாதத் தேர்வு உண்டு, இன்டெர்னல் மதிப்பெண் உண்டு, வருகைப்பதிவு குறைந்தால் வீட்டுக்குக் கடிதம் போகும். என் பாடங்களில் அப்படி எதுவும் இல்லை. வாரம் ஒரு பயிற்சித்தாள் தருவார்கள். செய்தாயா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பிப்ரவரியில் ஒரே ஒரு தேர்வு. மதிப்பெண் முழுவதும் அதற்குத்தான். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் பாரமே தெரியாமல் ஓடிவிடும்.

பாரம் ஒளிந்திருக்கும் இடம் வேறு. ஐந்து கிரெடிட் பாடம் என்றால் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் வீதம் மொத்தம் 150 மணி நேர உழைப்பு. அதில் விரிவுரையும் பயிற்சி வகுப்பும் சேர்ந்து 45 மணி நேரம். மீதி 105 மணி நேரத்தை நாமாகத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும், அதற்கு அட்டவணை கிடையாது. ஆறு பாடத்துக்கு 630 மணி நேரம். பதினெட்டு வாரங்களில் வகுத்தால் வாரத்துக்கு 35. திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு போக நாளுக்கு நாலரை மணி நேரம் படித்தாலும் இருபத்திரண்டரை மணி நேரம்தான் தேறும். மிச்சம் பன்னிரண்டரை மணி நேரம் சனி, ஞாயிறு கணக்கில் விழுகிறது. பகுதிநேர வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கூடும். இந்தக் கணக்கை நான் முதல் வாரமே போட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி மூன்றாவது வாரம் முடிவு வந்தது. இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி. வெப்பப் பரிமாற்றத்துக்கு நேரே 5.0 என்று இருந்தது. அம்மாவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் தவறினால் அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. கல்விக்கடன், விசா எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. அடுத்த தேர்வு மார்ச் கடைசியில்.

எங்கள் தளத்தில் பொதுச் சமையலறை. அங்கே மதுரைக்கார அக்கா ஒருவர் குளிர்பெட்டி மேல் ஒரு தாளை ஒட்டியிருப்பார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள். ஒரு மணி நேரம் படித்தால் ஒரு கட்டத்தை அடிப்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றே எனக்கும் ஒன்று வரைந்தார், நூற்றைந்து கட்டங்கள். உண்மையாகப் படித்த மணி நேரங்களை மட்டும் அடிக்கச் சொன்னார். 31 தேறியது. 74 கட்டங்கள் வெள்ளையாக நின்றன.

“இனிமே எங்கயும் போகலக்கா” என்றேன்.

“அப்படிச் சொல்லாத தம்பி. இவ்வளவு தூரம் வந்துட்டு ரூமுக்குள்ளயே கெடந்தா படிப்பும் ஏறாது. போ. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கட்டத்த எண்ணிப் பாத்துட்டுப் போடு.”

அன்றிலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஒரு நாள்தான் ஊர் சுற்ற, அதுவும் சனிக்கிழமை, இரவுக்குள் அறைக்கு. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் மூடிவிடுவதால் வெள்ளி மாலையே அரிசி, காய்கறி வாங்கி வைத்துவிடுவேன். ப்ராக், பாரிஸ் மாதிரித் தூரத்து ஊர்களைத் தேர்வு முடிந்து ஏப்ரலில் வகுப்பு தொடங்கும் முன் உள்ள நாட்களுக்குத் தள்ளினேன். அப்படி எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் பையில் இருக்கட்டும். ஷெங்கன் பகுதிக்குள்ளும் பேருந்தில் ஏறிச் சோதிப்பார்கள். பக்கத்து ஊர்களைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஐஃபெல் மலையில் இருக்கும் மோன்ஷாவுக்கு ஆகனிலிருந்து ஒரே பேருந்து. ரூர் ஆற்றங்கரையில் கறுத்த மரச்சட்டங்களுக்கு இடையே வெள்ளைச் சுவர் வைத்த வீடுகள். ப்ராகில் பாலத்துக்கும் கோட்டைக்கும் ஓடிய இரண்டு நாளில் கிடைக்காத நிம்மதி அங்கே ஒரு பிற்பகலில் கிடைத்தது.

மார்ச் முதல் சனிக்கிழமை கொலோன் போனேன், பயிற்சித்தாள்களையும் எடுத்துக்கொண்டு. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே தேவாலயம். 1248-இல் கட்டத் தொடங்கி 1880-இல் முடித்த கட்டடம். தெற்குக் கோபுரத்தில் 533 படிகள். பாதி ஏறி மூச்சு வாங்கச் சுவரில் கை வைத்தேன். வெளியே நல்ல வெயில். உள்ளே கல் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. தடித்த சுவர் ஒன்றின் ஒரு பக்கம் சூடேறினால் மறுபக்கத்துக்கு அந்தச் சூடு வந்து சேர எவ்வளவு நேரமாகும்? பிப்ரவரித் தேர்வில் நான் வெள்ளைத்தாளாக விட்டுவந்த கேள்வி அதுதான். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பின்னால் ஏறி வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

மாலை ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மடியில் தாளை வைத்து அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டேன். டூரன் நிலையம் வரும்போது விடை வந்திருந்தது. அறைக்கு வந்து ஒரு கட்டத்தை அடித்தேன். மிச்சம் 41.

(தொடரும்)